பரிசுப் பொருளும் ஓவியர் பெயரும்

சரோஜினி நகர் சந்தையில் பேரம் பேசி வாங்குவது தில்லித் தமிழர்களுக்குக் கைவந்த கலை. பண்டிகைக் காலத்திலும் திருமணக் காலத்திலும் துணிப்பை, சாவிக்கொத்து, கைபேசி உறை, தேநீர்க் கோப்பை எனச் சிறு பரிசுகளை அங்கே டஜன் கணக்கில் வாங்குகிறோம். அத்தகைய பொருள்களில் வட்டமும் முக்கோணமுமாகக் கைகோத்து ஆடும் வார்லி உருவங்களையும், கோண்டு ஓவியங்களின் மானையும் மரத்தையும் இப்போது பரவலாகக் காண்கிறோம். வரைந்தவர் பெயரைத்தான் காண முடிவதில்லை.

மெட்ரோவில் அடுத்த நிலையமே தில்லி ஹாட். 1994-இல் தொடங்கிய அச்சந்தையில் கைவினைஞர்கள் சுழற்சி முறையில் கடை பெற்றுத் தம் படைப்புகளை நேரில் விற்கின்றனர். விலை கூடுதல்தான். ஆயினும் எல்லோரும் கைவினைப் பொருளையே வாங்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. கோப்பையில் அச்சிட்ட ஓவியம் இழிவானதன்று. உரிமம் பெற்று அச்சிட்டால் ஓவியர் ஒருமுறை வரைந்தது பல ஆண்டுகள் அவருக்கு வருவாய் தரும். அனுமதியின்றி அச்சிடுவதே என் வழக்கு.

‘பழங்குடிக் கலை ஊர்ப்பொது, அதில் தனியுரிமை ஏது?’ என்று கேட்பவர்கள் உண்டு. கோண்டு ஓவியத்தின் வரலாறே இதற்கு விடை. சிம்லாவில் பிறந்த தமிழரான ஓவியர் ஜெ. சுவாமிநாதன் போபாலின் பாரத் பவனுக்காகக் கலைஞர்களைத் தேடியபோது, பாடன்கட் சிற்றூரின் இளைஞர் ஜன்கட் சிங் சியாம் வெளிச்சத்துக்கு வந்தார். சுவரிலிருந்து தாளுக்கு வந்த அவ்வோவியத்தில் உருவங்களின் உள்ளே நிரப்பும் புள்ளியும் கோடும் ஓவியருக்கு ஓவியர் வேறுபடும். அதுவே அவரவர் கையொப்பம். ஜன்கட்டின் உறவினரான பஜ்ஜு சியாமின் ‘லண்டன் ஜங்கிள் புக்’ நூலைச் சென்னையின் தாரா புக்ஸ் 2004-இல் வெளியிட்டபோது அட்டையில் அவர் பெயர் இருந்தது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஊர்ப்பொது என்று இவரது படத்தை எப்படி எடுத்துக்கொள்வது?

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. மரபான நடை எவருக்கும் தனிச்சொத்தன்று. வரைந்த படம் வரைந்தவருக்கே சொந்தம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி அவ்வுரிமை ஓவியரின் வாழ்நாளுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கும். உரிமத்தை எழுத்தில் தர வேண்டும். காலம் குறிப்பிடாவிடில் அது 5 ஆண்டுகளுக்கே செல்லும், எல்லை குறிப்பிடாவிடில் இந்தியாவுக்குள்ளேயே செல்லும். வெற்றுத்தாளில் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டு வருந்தும் கலைஞர்களுக்கு இவ்விரு விதிகளையும் யாரேனும் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

புவிசார் குறியீடு வேறு வகை. நீலகிரித் தோடர் பூத்தையல் 2013-இலும், கோண்டு ஓவியம் 2023-இலும் அதைப் பெற்றன. துணியின் இழைகளை எண்ணியே, வரைபடம் ஏதுமின்றி, கறுப்பும் சிவப்புமாகத் தோடர் பெண்கள் தைக்கும் வேலை அது. அக்குறியீடு பெயரைக் காக்கும், உருவத்தைக் காக்காது. பெயரைச் சொல்லாமல் அதே கோலத்தை ஆலையில் அச்சிட்டு விற்பவரை அதைக்கொண்டு தடுப்பது கடினம்.

ஆஸ்திரேலியாவில் பூர்வகுடி ஓவியர்களின் படங்களை அனுமதியின்றிக் கம்பளங்களில் நெய்து விற்ற நிறுவனத்துக்கு எதிராக 1994-இல் கூட்டாட்சி நீதிமன்றம் 1,88,000 டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. கம்பளங்கள் நெய்யப்பட்டது வியட்நாமில். வழக்கு வென்றதோ ஓவியர்களின் நாட்டில். நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. வழக்காடும் வசதிதான் ஓவியரிடம் இல்லை.

எனவே வாங்குபவரின் கேள்விக்கு மதிப்பு மிகுதி. ஒற்றைச் சாவிக்கொத்து வாங்குபவர் கேட்டால் கடைக்காரர் சிரிக்கக்கூடும். ஆயிரம் நாட்காட்டியும் நாட்குறிப்பும் வாங்கும் அலுவலகம் கேட்டால் சிரிக்கமாட்டார். வங்கிகளும் அப்பட்டியலில் அடங்கும். இந்த இதழை வெளியிடும் வங்கியையும் சேர்த்தே சொல்கிறேன். விலைப்புள்ளி கோரும்போதே மூன்று வரிகள் சேர்க்கலாம்: ஓவியர் பெயர் பொருளில் அச்சாக வேண்டும், எழுத்து மூலமான உரிமத்தின் நகல் வேண்டும், உரிமத் தொகை இடைத்தரகர் கைக்குச் செல்லாமல் ஓவியரின் சேமிப்புக் கணக்கில் வரவாக வேண்டும். அடுத்த ஆண்டு நாட்காட்டிக்கான கோரிக்கை எழுதப்படும் காலம் நெருங்குகிறது.