களவா கூடும் நாட்களில் தூண்டில் வேண்டாம்

கரீபியன் கடலின் நாசாவ் களவா, ஆண்டின் பெரும்பகுதியைப் பாறை இடுக்குகளில் தனித்தே கழிக்கும் மீன். குளிர்காலப் பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில் மட்டும் தொலைவிலிருந்தெல்லாம் புறப்பட்டு வந்து, பவளத்திட்டு ஆழ்கடலுக்குள் சரியும் விளிம்பில் ஆயிரக்கணக்கில் திரண்டு, பொழுது சாயும் வேளையில் முட்டையிடும். ஆண்டுதோறும் பெரும்பாலும் அதே இடம், அதே பருவம். தெரிந்துகொண்டவருக்கு இதைவிட எளிய வேட்டை கிடையாது. கேமன் தீவுகளில், லிட்டில் கேமனின் மேற்கு முனையில் 2001-இல் மீனவர்கள் இப்படியொரு கூட்டத்தைக் கண்டார்கள். ஏறத்தாழ 7,000 மீன்கள் இருந்தன. இரண்டே பருவங்களில் சுமார் 4,000 பிடிபட்டுவிட்டன.

பிடிபடும் அளவு குறைந்தால் அப்போது தடை போடலாமே என்பார்கள். இந்த மீனிடம் அந்தக் கணக்கு செல்லாது. சுற்றுவட்டாரத்தில் பாதி அழிந்தாலும், மிச்சமிருப்பவை அதே விளிம்பில்தான் வந்து நெருங்கி நிற்கும்; கிட்டத்தட்ட கடைசிப் பருவம்வரை படகு நிறையும், ஏட்டில் வளமும் குறையாது. அமெரிக்க வர்ஜின் தீவுகளின் செயின்ட் தாமஸ் அருகே கூடிவந்த கூட்டம் 1970-களில் அற்றுப்போனது. முட்டையிடும் பருவத்தை எட்டவே இந்த மீனுக்குச் சில ஆண்டுகள் ஆகும் என்பதால், இழந்ததை ஈடுகட்டுவதும் எளிதல்ல.

மீனவர் பிழைப்பு என்னாவது என்ற கேள்வி நியாயமானது. கேமன் அரசு 2003-இல் கூடுமிடங்களில் மீன்பிடிப்பைத் தடைசெய்தது. பலன் உடனே தெரியவில்லை, பொறுமையை இழக்கப் போதிய காரணமும் இருந்தது. ஆனால் சுமார் பதினைந்து ஆண்டுகளில் லிட்டில் கேமன், கேமன் பிராக் இரண்டிலும் களவாக்கள் மூன்று மடங்குக்கும் மேல் பெருகின. 2016-இல் வந்த விதிகள் டிசம்பர் முதல் ஏப்ரல்வரை மட்டுமே பிடிக்கத் தடை விதித்தன. மற்ற மாதங்களில் படகுக்கு நாளொன்றுக்கு ஐந்து மீன் பிடிக்கலாம். ஆக, தொழில் முடங்கவில்லை. அந்தச் சில வாரங்களையே நம்பியிருந்தவர்களுக்கு இழப்பீடு தரவேண்டியது அரசின் கடமை. அதைத் தட்டிக்கழித்துவிட்டுத் தடையை மட்டும் போடுவது அநியாயம்.

நமக்குப் பழக்கமான மீன்பிடித் தடைக்காலம், கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், விசைப்படகுகளுக்கானது; அது நாட்காட்டியைப் பார்க்கிறது. களவாவோ நிலவைப் பார்க்கிறது. எனவே இடத்தையும் பிறையையும் குறித்துக் காப்பதே பொருந்தும். இடத்தை அறிவித்தால் திருடருக்கு வழிகாட்டியதாகிவிடும் என்ற அச்சம் மிகை: லிட்டில் கேமன் கூட்டத்தை முதலில் கண்டவர்களே மீனவர்கள்தான். காவலும் பெருஞ்செலவல்ல. ஒரு விளிம்பு, சில இரவுகள், ஒரு ரோந்துப் படகு.