எலியின் வயிறும் கண்ணாடியின் ஆயுளும்

அணுக்கழிவைக் கண்ணாடியாக உருக்கி வார்த்துவிட்டால் அபாயம் ஒழிந்தது என்று நம்புவோர் முன்வைக்கக்கூடிய ஒரு நிரூபணம் உண்டு: அக்கண்ணாடியைப் பொடித்து விலங்குகளுக்கு ஊட்டிப் பாருங்கள், ஒன்றும் ஆகாது. கேட்பதற்கு அறிவியலைப் போலவே இருக்கிறது. ஆனால் அறிவியலுக்கு முதல் தேவை சரியான கேள்வி. அது இங்கே இல்லை.

பிரான்சின் லா ஹேக் ஆலையில் வார்க்கப்படும் உயர்கதிரியக்கக் கண்ணாடி உருளையின் அருகே காப்பின்றிச் சில நிமிடங்கள் நின்றாலே மரணம் நிச்சயம். ஆகவே இந்த யோசனை தாழ்நிலைக் கழிவையோ, கதிரியக்கமற்ற மாதிரிக் கண்ணாடியையோதான் குறிக்க முடியும். அதை எலிக்கு ஊட்டினால் ஓரிரு நாளில் பெரும்பகுதி அப்படியே வெளியேறிவிடும். எலி பிழைத்துக்கொள்ளும். அதனால் நாம் அறிந்தது என்ன? கண்ணாடியை மனிதர் தின்பார்கள் என்று எவரும் அஞ்சவில்லை. நிலத்தடி நீர் அதைத் தின்னும் என்பதே அச்சம். டெக்னீசியம்-99 பாதியாகக் குறைய இரண்டு லட்சம் ஆண்டுகளுக்கு மேலாகும். எலி வாழ்வதோ இரண்டு மூன்று ஆண்டுகள்.

நீர் கண்ணாடியை எவ்வளவு வேகமாக அரிக்கும் என்பதை அறிய விலங்கு எதற்கு? பொடித்த கண்ணாடியை 90 டிகிரி வெந்நீரில் 7 நாட்கள் வைத்து, கரைந்தவற்றை அளக்கும் சோதனைமுறை ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. வாரக்கணக்கு போதாதென்று கருதிய பிரெஞ்சு ஆய்வாளர்கள், எம்பியே தீவருகே மூழ்கிய ரோமானியக் கப்பலிலிருந்து 1800 ஆண்டுகள் கடல்நீரில் கிடந்த கண்ணாடிக் கட்டிகளை எடுத்து, அவற்றின் விரிசல்களில் நீர் செய்த வேலையை ஆராய்ந்தார்கள். பொறுமையான, யாரையும் வதைக்காத அறிவு அது.

விலங்குச் சோதனையால் பயனே இல்லை என்பது என் கட்சியல்ல. அணுகுண்டுச் சோதனைகளின் தூசு பால் வழியே குழந்தைகளின் எலும்பில் ஏறிய காலத்தில், கலிஃபோர்னியாவின் டேவிஸ் வளாகத்தில் பீகிள் நாய்களுக்கு ஸ்ட்ரான்சியம்-90 ஊட்டப்பட்டது. தாயின் கருவிலிருக்கும்போதே தொடங்கி, ஏறத்தாழ ஒன்றரை வயதுவரை. அதிக அளவு பெற்றவற்றுக்கு எலும்புப் புற்றும் ரத்தப் புற்றும் வந்தன. அன்று கேள்வியாவது மெய்யானது. அதற்கான விலையை அந்த நாய்கள் கொடுத்தாகிவிட்டது. கண்ணாடியிலிருந்து எவ்வளவு கரைகிறது என்று அளந்து, கரைந்தது உடலில் என்ன செய்யும் என்ற அந்தப் பழைய அறிவோடு பொருத்திப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். இதற்குமேல் ஓர் உயிரைக் கேட்பது ஆய்வல்ல, விளம்பரம். பயந்த பொதுமக்களுக்குக் காட்ட ஒரு கொழுத்த எலியின் புகைப்படம் தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

1990-இல் 800-க்கும் மேற்பட்ட அந்த பீகிள்களின் உடல்கள் கதிரியக்கக் கழிவாகப் பீப்பாய்களில் அடைக்கப்பட்டு ஹான்ஃபோர்டுக்குப் புதைக்க அனுப்பப்பட்டன. 177 நிலத்தடித் தொட்டிகளில் கழிவு தேங்கிக் கிடக்கும் அதே ஹான்ஃபோர்டு. அங்கே கண்ணாடியாக்கும் ஆலையின் கட்டுமானம் 2002-இல் தொடங்கியது. தொட்டிக் கழிவு உருக்கப்படத் தொடங்கியது 2025 அக்டோபரில்தான். அந்தக் கண்ணாடியைப் பற்றிக் கேட்க வேண்டியது எலியிடம் அல்ல. கரைவு அளவுகளையும் சுற்றுக் கிணறுகளின் நீர்ப் பரிசோதனை முடிவுகளையும் ஆண்டுதோறும் முழுமையாக வெளியிடுங்கள் என்று நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். கழிவைக் கண்ணாடியாக்கும் ஆலை கல்பாக்கத்திலும் இருக்கிறது. அங்கும் இதே கேள்விதான்.