உங்க ப்ளர் ப்ரோக்ராம் சரிதானா?

இமேஜ் ப்ராசஸிங் லேபில் ப்ளர் ப்ரோக்ராம் எழுதாதவங்க நம்மில் யாரும் இருக்க மாட்டோம். இரண்டு ஃபார் லூப், உள்ளே இடமும் வலமும் இருக்கிற பிக்சலோடு சேர்த்து ஒரு சராசரி. படம் மங்கலா வந்தா ரெக்கார்டில் கையெழுத்து. எனக்கும் அப்படித்தான் கிடைத்தது. ஆனா என் ப்ரோக்ராம் தப்பு.

தற்செயலாத்தான் தெரிந்தது. கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் வண்டி போறதுக்காக நின்னுட்டு இருந்தப்ப, இருட்டில் எரிந்த ஒரு விளக்கை போனில் எடுத்தேன். அந்தப் படத்தை இதே ப்ரோக்ராமில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தால், வெளிச்சம் இடது பக்கம் சட்டென்று முடிகிறது, வலது பக்கம் வால் மாதிரி நீள்கிறது. ப்ளர் இரண்டு பக்கமும் சமமாத்தானே பரவணும்?

பேப்பரில் போட்டுப் பாருங்க. ஒரு வரிசையில் 10, 10, 100, 10, 10. ஓரத்தை விட்டுவிட்டு சராசரி எடுத்தால் 10, 40, 40, 40, 10 வரணும். எனக்கு வந்தது 10, 40, 50, 23, 10. காரணம், விடையை நான் அதே அரேயில் எழுதிவிட்டேன். மூன்றாவது பிக்சலுக்குப் போகும்போது இரண்டாவதின் பழைய மதிப்பு அங்கே இல்லை. எரர் எதுவும் வராது, படமும் மங்கலாத்தான் இருக்கும். அதனால் யாரும் கவனிக்கவில்லை.

ஹாஸ்கெல் மாதிரி ஒரு ஃபங்ஷனல் மொழியில் இந்தத் தப்பைத் தெரியாமல் செய்ய முடியாது. அதன் ஜூஸிபிக்சல்ஸ் லைப்ரரியில் படம் என்பது ஒரு மதிப்பு. 5 என்ற எண்ணை எப்படி மாற்ற முடியாதோ, அதையும் அப்படி மாற்ற முடியாது. "இந்த எக்ஸ், ஒய் இடத்தில் என்ன நிறம்?" என்பதற்கு ஒரு ஃபங்ஷன் மட்டும் நீங்க எழுதணும். புதுப் படம் தனியா உருவாகும், பழையது அப்படியே இருக்கும்.

"ஒவ்வொரு தடவையும் புதுப் படம்னா மெமரி?" என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. 12 மெகாபிக்சல் படம் ஒன்று, பிக்சலுக்கு 3 பைட் வீதம் 36 எம்பி. ஆனா நெகட்டிவ், பிரைட்னஸ் மாதிரி பிக்சல் பிக்சலாகச் செய்கிற வேலைகளில், இரண்டு ஃபங்ஷனைச் சேர்த்து ஒன்றாக்கி ஒரே சுற்றில் ஓட்டிடலாம்.

அடுத்த கேள்வி, "இதுக்கு யார் வேலை கொடுப்பாங்க?" சரி, ஹாஸ்கெலை விடுங்க, அந்த யோசனை எங்கே போயிருக்குன்னு பாருங்க. 2012-ல் எம்ஐடியில் உருவான ஹாலைடு, சி ப்ளஸ் ப்ளஸ்ஸுக்குள் எழுதுகிற ஒரு ஃபங்ஷனல் மொழி. கூகுள் போன் கேமராவின் எச்டிஆர் ப்ளஸ் அதில்தான் எழுதப்பட்டது. பெங்களூரு ஐஐஎஸ்சியில் உருவாகி 2015-ல் வெளிவந்த பாலிமேஜும் இதே வழிதான். பிக்சல் என்ன என்பதை மட்டும் நாம் சொன்னால், எந்த வரிசையில், எத்தனை கோரில் ஓட்டுவது என்பதைக் கம்பைலர் பார்த்துக்கொள்ளும். வரிசையையும் நாமே லூப்பில் பூட்டி வைத்தால் அதற்கு அந்தச் சுதந்திரம் குறையும்.

ஃபங்ஷனல் மொழி எல்லாத் தப்பையும் தடுக்காது. 8 பிட் பிக்சலில் 200-ஐயும் 100-ஐயும் கூட்டினால் ஹாஸ்கெலிலும் 44தான் வரும், வெளிச்சம் கூட வேண்டிய இடம் கறுப்பாகும். அதை நாமதான் பார்த்துக்கணும்.

நான் கேட்பது சின்ன விஷயம். செமஸ்டரில் ஒரே ஒரு லேப் எக்ஸ்பெரிமென்டையாவது லூப் இல்லாமல், ஃபங்ஷனாக எழுத வைக்கட்டும். அதுவரை உங்க ரெக்கார்டில் அந்த ப்ளர் பக்கத்தைத் திறந்து பாருங்க. படிக்கிற அரேயும் எழுதுகிற அரேயும் ஒண்ணுதானா? ஆமான்னா, நீங்க வாங்கின மார்க்கும் என்னுடையது மாதிரிதான்.