கடைசி வாங்குப் பிள்ளைகள்

நமது ஊர் வாசிகசாலையைக் காலையிற் பத்திரிகை படிப்போரும் இரவில் ஊர்க்கதை பேசுவோரும் நிரப்புவர். பிற்பகல் மூன்று மணிக்கோ அது வெறிச்சோடிக் கிடக்கும். பாடத்திற் பின்தங்கிய சிறுவருக்கு அவ்வேளையில் ஒரு மாலை வகுப்பு நடத்தினால் என்ன என்று சில ஆண்டுகளுக்கு முன் நாமும் சில நண்பரும் எண்ணினோம். வாங்குகள் இருந்தன. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கரும்பலகை தந்தார். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவை எதிர்பார்த்திருந்த இளைஞரும் யுவதியரும் கற்பிக்க முன்வந்தனர்.

தொடக்கத்திலேயே பிழைவிட்டோம். ஐந்தாந்தரப் பிள்ளைக்கு ஐந்தாந்தரப் புத்தகத்தையே விரித்து வைத்தோம். எழுத்துக்கூட்டி வாசிக்கவே இடர்ப்படும் பிள்ளைக்குக் காலையில் விளங்காத பக்கம் மாலையில் மட்டும் எப்படி விளங்கும்? போதாக்குறைக்கு, புலமைப்பரிசிற் பரீட்சைக்கு ஆயத்தமாகும் கெட்டிக்காரப் பிள்ளைகளையும் பெற்றோர் கூட்டிவந்தனர். “இவனையும் ஒருக்காப் பாருங்கோ” என்று அவர்கள் கேட்கையில் மறுக்க நமக்கு நா எழவில்லை. மூன்று மாதத்தில் முன்வாங்குகள் அவர்களுடையவாயின. எவருக்காக வகுப்பைத் தொடங்கினோமோ, அவர்கள் இங்கும் கடைசி வாங்கில் அமர்ந்து, பின்னர் ஒவ்வொருவராக வராது நின்றனர். ஒரு சிறுவனை வழியிற் கண்டு காரணம் வினவினோம். “அதுவும் பள்ளிக்கூடந்தானே, ஐயா” என்றான்.

அக்காலத்திலேதான் மும்பாய்ச் சேரிகளில் 1995 இல் பணிதொடங்கிய ‘பிரதம்’ என்னும் அமைப்பு பின்னர் வகுத்த முறையைப் பற்றிப் படித்தோம். பிள்ளையின் வயதையும் வகுப்பையும் அவர்கள் கேட்பதில்லை. எழுத்து, சொல், பந்தி, கதை ஆகியவற்றுள் எதுவரை வாசிக்கும் என்று பார்த்து, அந்தப் படியிலுள்ளோரை ஒன்றாக இருத்துகின்றனர். 2019 இல் நோபெல் பரிசு பெற்ற பொருளியலறிஞர் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் இம்முறையை ஆராய்ந்து நற்பயன் கண்டுள்ளனர்.

நாமும் அவ்வாறே மறுபடி தொடங்கினோம். ஆறு பிள்ளைக்கு ஓர் ஆசிரியர். கிழமையில் நான்கு நாள், நாளுக்கு ஒரு மணித்தியாலம். இருட்டுமுன் அனைவரும் வீடு சேரவேண்டும். முதலில் தேநீரும் அவித்த கடலையும். (பசித்த வயிற்றுக்கு உயிர்மெய்யெழுத்து ஏறாது என்பதைக் கண்டறிய எமக்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை.) பரீட்சைப் பிள்ளைகளை இம்முறை சேர்க்கவில்லை. அதனால் வாசிகசாலை நிருவாக சபையினர் ஒருவர் இன்றுவரை எம்மோடு முகங்கொடுத்துப் பேசுவதில்லை.

வழியிற் கண்ட சிறுவனை அழைத்துவர மும்முறை அவன் வீட்டுப் படலையைத் தட்டவேண்டியிருந்தது. பதினொரு வயதில் அவன் சொற்களின் படியில், தன்னிலும் இளையவரோடு அமர்ந்தான். நாணினான், ஆயினும் நின்றுவிடவில்லை. அவ்வாண்டு முடியுமுன் ஒருநாள் வாசிகசாலைப் பத்திரிகையில் மரண அறிவித்தல் ஒன்றைத் தானே வாசித்து, தெரிந்த பெயரென்று கண்டு, அம்மம்மாவுக்குச் சொல்ல ஓடினான். அன்றைய கடலை அப்படியே கிடந்தது.