நாலு நாவல், ஒரு சீசன் டிக்கெட்

தமிழ் நாவல்களில் இப்போது இரண்டு ரகம். டிபன் பாக்ஸ் வைத்த பையில் நுழைவது ஒன்று. நுழையாதது மற்றொன்று. சு.வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ (2008), பூமணியின் ‘அஞ்ஞாடி’ (2012) எல்லாம் இரண்டாவது ரகம். இரண்டும் ஆயிரம் பக்கத்தைத் தாண்டியவை; இரண்டும் சாகித்ய அகாதமி பரிசு வாங்கியவை. இவற்றைத் தாம்பரம் லோக்கலில் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் புத்தகத்தையும் பிடித்துக்கொண்டு படித்து முடித்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், மணிக்கட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன்.

நான் ரயிலில் படிக்கிறவன். வீட்டில் டி.வி. இருக்கிறது, ஆபீசில் ஆபீஸ் இருக்கிறது. எனவே சமீபத்தில் படித்ததெல்லாம் முதல் ரகம். கீழே வருவது விமர்சனம் இல்லை. விமர்சனம் செய்கிறவர்கள் ‘பிரதி’ என்பார்கள். நான் இன்னமும் புஸ்தகம் என்றுதான் சொல்கிறேன்.

முதலில் ஆடு. பெருமாள்முருகனின் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’. 2016-ல் வந்தது. இதன் முன்கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2010-ல் வந்த ‘மாதொருபாகன்’ நாவலுக்கு நாலு வருஷம் கழித்துத் திடீரென்று எதிர்ப்புக் கிளம்பி, 2015 ஜனவரியில் எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே ஃபேஸ்புக்கில் அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகு திரும்ப எழுத வந்தார். வந்தவர் எழுதியது ஓர் ஆட்டைப் பற்றி. முன்னுரையில் காரணம் சொல்கிறார்: மனிதர்களைப் பற்றி எழுத பயம், சாமிகளைப் பற்றி எழுத இன்னும் பயம், மாட்டையும் பன்றியையும் தொடவே கூடாது. மிச்சம் இருப்பது ஆடுதான். படித்துச் சிரித்துவிட்டு, அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் சிரித்திருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

கிழவன், கிழவி, ஒரு கறுப்புக் குட்டி. யாரோ ஒரு வழிப்போக்கன் கொடுத்துவிட்டுப் போனது. அந்த ஊரில் ஆடு வாங்கினால் சர்க்காரில் பதிவு செய்து காது குத்தி நம்பர் மாட்ட வேண்டும். கிழவி குட்டியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் க்யூவில் நிற்கிறாள். எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தார்கள், ஏன் இவ்வளவு நாள் பதியவில்லை என்று ஒரே கேள்வி. பிறப்புச் சான்றிதழில் இனிஷியலை மாற்றப் போனவர்களும், ஆதாரில் ஓர் எழுத்துத் தப்பாக விழுந்ததால் பேங்கில் மூன்று நாள் அலைந்தவர்களும் இந்தப் பகுதியைப் படிக்கும்போது தங்கள் காதை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். நான் பார்த்துக்கொண்டேன்.

சர்க்காருக்குக் கறுப்பு ஆடு பிடிக்காது. இருட்டில் தெரியாதே!

இதில் ஒரு காதலும் உண்டு. பூனாச்சிக்கும் பூவன் என்ற கிடாவுக்கும். சமீபத்தில் நான் படித்த காதல் கதைகளில் உருப்படியானது இந்த இரண்டு ஆடுகளுடையதுதான். பூவனுக்கு என்ன ஆகிறது என்று படிக்கிற அன்று மட்டன் பிரியாணிக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள். இரண்டு நாள் தள்ளிக்கூடச் சற்றுச் சிரமமாகத்தான் இருந்தது.

அடுத்தது தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’ (2020). தலைப்பு புறநானூற்றிலிருந்து, கணியன் பூங்குன்றனின் அந்த எல்லோருக்கும் தெரிந்த பாட்டுத்தான். முதல் வரி எல்லோருக்கும் தெரியும், மேடைக்கு மேடை சொல்கிறார்கள். நடுவில் ஆற்றில் அடித்துப் போகிற தெப்பத்தைப் பற்றி ஒரு வரி வருகிறதே, அதுவரை போகிறவர்கள் குறைவு. தேவிபாரதி அந்தத் தெப்பத்தில் ஏறிக்கொண்டிருக்கிறார்.

கொங்கு நாட்டுக் குடிநாவிதர்களின் கதை. காரு மாமா என்று ஒருவர் செத்துப்போகிறார். சாவுக்கு உறவு சனம் கூடுகிறது. அவ்வளவுதான் கதை. சின்னப் புத்தகம், ஆனால் முதல் முப்பது பக்கத்துக்குள் இத்தனை அத்தை, மாமா, பெரியம்மா வந்து இறங்குகிறார்கள், நான் டிக்கெட் பின்பக்கத்தில் வம்சாவளி போட ஆரம்பித்தேன். டிக்கெட்டில் இடம் போதவில்லை. பிறகு யோசித்தால், நிஜமான சாவு வீட்டிலும் நமக்கு அப்படித்தானே? ‘அந்தப் பச்சைப் புடவை யாரு?’ என்று காதில் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறோம். பாதிப் புத்தகத்துக்கு மேல் கேட்காமலே தெரிந்துவிடுகிறது.

காரு மாமாவின் மனைவி அவரை விட்டுப் போனவள். அவள் மேல் அந்தச் சனத்துக்கு இருக்கிற ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அந்த ஆத்திரம் அழுகையிலும் பழைய பேச்சிலும் சோற்றுப் பந்தியிலும் எப்படிக் கரைகிறது என்பதைத்தான் தேவிபாரதி எழுதியிருக்கிறார். யாரும் யாரிடமும் ‘மன்னித்தேன்’ என்று வசனம் பேசவில்லை. ஊருக்கே சவரம் செய்து, ஊர் வீடுகளின் நல்லது கெட்டதுக்கெல்லாம் முதலில் போய் நின்று, கூலியாகத் தானியம் வாங்கிப் பிழைத்த சனம். அவர்களிடம் இருந்த ஒரே ஆஸ்தி ஒருவருக்கொருவர்தான். 2023-க்கான சாகித்ய அகாதமி பரிசு இதற்குக் கிடைத்தது. சில வருஷங்களில் அகாதமியின் தேர்வு புரியாது. அந்த வருஷம் புரிந்தது.

தமிழ்ப்பிரபாவின் ‘பேட்டை’ (2018) பற்றி ஒரு பாரா. சிந்தாதிரிப்பேட்டை. 1734 வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளிகளைக் குடிவைத்த இடம். சின்னத் தறிப் பேட்டை என்பதுதான் இப்படி ஆனது என்பார்கள். இப்போது தறி இல்லை. ஹவுசிங் போர்டு, கூவம், கேரம் போர்டு, சர்ச்சு, பேய் எல்லாம் இருக்கின்றன. நாவல் முழுக்க மெட்ராஸ் பாஷை. சினிமாவில் காமெடியனுக்கும் அடியாளுக்கும் மட்டும் ஒதுக்கி வைத்திருந்த பாஷையில் ஒருவன் தன் துக்கத்தைச் சொன்னால் எப்படியிருக்கும் என்று இதைப் படித்துத் தெரிந்துகொண்டேன். நடுவில் நூறு பக்கம் வழி தவறிப் போகிறது. சிந்தாதிரிப்பேட்டைச் சந்துகளில் நடந்தவர்கள் இதைக் குறையாகச் சொல்லமாட்டார்கள். இவர்தான் 2021-ல் வந்த ‘சார்பட்டா பரம்பரை’க்கு ரஞ்சித்துடன் சேர்ந்து எழுதியவர்.

இனி இமையம்.

‘செல்லாத பணம்’ 2018-ல் வந்தபோது பலர் இதை 2016 நவம்பர் எட்டாம் தேதி ராத்திரி செல்லாமல் போன ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகளைப் பற்றிய நாவல் என்று நினைத்திருக்கக்கூடும். அட்டையைப் பார்த்து வாங்கியவர் யாராவது இருந்தால் பாவம். ஏ.டி.எம். வாசலில் நிற்பதைப் பற்றி இதில் எதுவும் இல்லை. நிற்பது ஆஸ்பத்திரி வாசலில்.

நடேசன் ஹெட்மாஸ்டர். வசதி உண்டு. பெண் ரேவதி இன்ஜினீயரிங் படித்தவள். ரவி என்ற ஆட்டோ ஓட்டுகிற பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறாள். பர்மாவிலிருந்து அகதியாக வந்த குடும்பத்துப் பையன். சினிமாவாக இருந்தால் வீட்டை எதிர்த்துத் தாலி கட்டிக்கொண்டதும் கிராமஃபோன் மாதிரி ஒரு டூயட் சுற்றி ‘வணக்கம்’ போட்டுவிடுவார்கள். சினிமா முடிகிற இடத்துக்கு அப்புறம்தான் இமையத்துக்கு வேலை. சில வருஷம் கழித்து ரேவதியைத் தீக்காயத்தோடு ஜிப்மருக்குக் கொண்டுபோகிறார்கள். தானாகக் கொளுத்திக்கொண்டாளா, அவன் கொளுத்தினானா? நாவலின் பெரும்பகுதி அந்தத் தீக்காய வார்டுக்கு வெளியே, மரத்தடியிலும் வராந்தாவிலும் நடக்கிறது.

தீக்காயத்துக்கு டாக்டர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒன்பதாம் வாய்ப்பாடு. தலைக்கு 9 சதம், ஒரு கைக்கு 9, ஒரு காலுக்கு 18, உடம்பின் முன்பக்கம் 18, பின்பக்கம் 18. மிச்சம் ஒன்று. கூட்டிப் பாருங்கள், நூறு சரியாக வரும். எத்தனை சதம் எரிந்தது என்று எடுத்த எடுப்பில் கணக்குப் போட்டால்தான் உடம்புக்கு எவ்வளவு திரவம் ஏற்ற வேண்டும் என்று தெரியும். அவர்களுக்கு அது சிகிச்சைக் கணக்கு. வெளியே நிற்கிற தாய் தகப்பனுக்கு அது பரீட்சை மார்க் மாதிரி கேட்கிறது. வாழ்க்கை பூராவும் பிள்ளைகளுக்கு மார்க் போட்ட ஹெட்மாஸ்டர், அந்தச் சதவிகிதத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார். எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை என்கிறார். எவ்வளவுக்கும் செலவு இல்லை என்பதுதான் தலைப்பு.

எனக்குச் சில குறைகள் உண்டு. எல்லோரும் நீளமாகப் பேசுகிறார்கள். சொன்னதையே இன்னொரு தடவை சொல்கிறார்கள். எடிட்டர் ஒருவர் ஐம்பது பக்கத்தைத் தூக்கியிருக்கலாம். ஆனால் ஐ.சி.யூ. வாசலில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், அங்கே வேறு என்ன பேசுவது? ஒரே விஷயத்தைத்தான் ஊரிலிருந்து வருகிற ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லியாக வேண்டும்.

நான் ஸ்டேஷனைக் கோட்டை விட்டது ரவி பேசுகிற இடத்தில். அதுவரை அவன்மேல் நமக்குக் கொலைவெறி. குடிக்கிறான், அடிக்கிறான். அவனிடம் போய்ப் பேசுகிறவள் அந்த வீட்டு மருமகள் அருண்மொழி. பக்கம் பக்கமாகப் பேசுகிறான். அவன் சொல்வது சரி என்று எனக்குத் தோன்றவில்லை, இமையத்துக்கும் தோன்றியிருக்காது. ஆனால் அந்தக் குடும்பத்தில் யாரும் அவனை ஓர் ஆளாக மதித்து ‘உட்கார்’ என்று சொன்னதில்லை என்பதும் அந்தப் பேச்சில் வெளியே வந்துவிடுகிறது. இரண்டையும் ஒரே கையில் வைத்துக்கொள்வது கஷ்டமாயிருக்கிறது. வில்லனை வில்லனாகவே விட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், சரியான ஸ்டேஷனில் இறங்கியிருப்பேன்.

வாசகர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள் என்பதால் ஒன்று கேட்கிறேன். அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு ரவி கட்சியா, ரேவதி கட்சியா என்று விவாதம் நடத்தாதீர்கள். கோபம் வந்தால் கை முதலில் எங்கே போகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் அப்பா வயசுக்காரன். எனக்குத் தைத்தது ஹெட்மாஸ்டர்தான். கல்யாணத்துக்கு அப்புறம் பெண்ணிடம் பேச்சை நிறுத்தியவர், பேசலாம் என்று வந்தபோது அவள் பேச முடியாத நிலையில் படுத்திருக்கிறாள். 2020-க்கான சாகித்ய அகாதமி பரிசு இந்த நாவலுக்கு.

எங்கள் ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் செக்ஷனில் ஒருவர் இருக்கிறார். ரிட்டயராக இரண்டு வருஷம். மூத்த பெண் சொந்தமாகப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டு கோயமுத்தூரில் இருக்கிறாள். இவர் போவதில்லை, போனும் இல்லை. அம்மாக்காரி மட்டும் இவர் ஆபீஸ் போன பிறகு பேசுவாள். இவருக்கு அது தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். ‘படிக்க ஏதாச்சும் குடுங்க சார்’ என்றார் ஒருநாள். பையில் அது இருந்தது, கொடுத்தேன்.

பத்து நாள் கழித்துத் திருப்பித் தந்தார். பிரவுன் பேப்பரில் அட்டை போட்டிருந்தார்.

‘எப்படி?’ என்றேன்.

‘ரொம்ப இழுத்துட்டார்’ என்றார். லிஃப்ட்டுக்குக் காத்திருந்தோம். மூன்றாவது மாடியில் நின்றுகொண்டிருந்தது. ‘அந்த வாத்தியார் முன்னாடியே ஒரு தடவை போன் பண்ணியிருக்கலாம்ல சார்?’

‘பண்ணியிருக்கலாம்.’

‘கட் பண்ணிடுவாளோன்னு இருந்திருக்கும்’ என்றார். லிஃப்ட் வந்தது. அவர் ஏறவில்லை, படியில் இறங்கிப் போனார்.