அச்சமும் விளையாட்டே

அச்சம் என்பது மக்கள் விலக்க விரும்புவதொன்று. ஆயினும் அதனை விலைகொடுத்து வாங்குதற்கும் அவர் பின்வாங்குவதில்லை. பாட்டியார் கூறும் பேய்க்கதையைப் போர்வைக்குள் ஒடுங்கிக்கொண்டே, 'பிறகு என்ன ஆயிற்று?' என்று வினவும் சிறுவரே இதற்குச் சான்றாவர். அவ்விருப்பம் இக்காலத்தே கணினித்திரையிற் குடிபுகுந்துளது. ஆங்கிலத்தார் 'சர்வைவல் ஹாரர்' என வழங்கும் அச்ச விளையாட்டுக்களை எம் தோழர் பலர் விளக்கணைத்து ஆடுகின்றனர். பெரியோரோ அவற்றை வீண்பொழுதென ஒரு சொல்லால் ஒதுக்குகின்றனர். இவ்விளையாட்டு, தமிழிலக்கணம் பண்டே வகுத்துவைத்த ஒரு சுவையின் புதுவடிவம் என்பதும், அதனைத் தமிழர் தம் நிலத்தினின்றும் தம் மொழியிலேயே ஆக்கவேண்டும் என்பதும் எம் கருத்து.

முதற்கண் இதன் இயல்பினைக் கூறுவாம். ஆடுவோன் அறியாததோர் இடத்தே தனியனாய் விடப்படுகின்றான். கைக்கொண்ட பொருள்கள் சில. எதிர்ப்படும் இடர்கள் பல. வெல்லுதல் அன்று, பிழைத்திருத்தலே அவன் குறிக்கோள். 1996ஆம் ஆண்டு சப்பானிய நாட்டுக் காப்காம் நிறுவனத்தார் வெளியிட்ட 'ரெசிடென்ட் ஈவில்' இவ்வகைக்குப் பெயரும் புகழும் ஈட்டித் தந்தது. அதன்கண் தோட்டாக்கள் அளவுபட்டன. ஆட்டத்தை இடையே பதிந்துவைத்தற்கு வேண்டிய தட்டச்சு நாடாவும் அளவுபட்டதே. பின்னர் 2010ஆம் ஆண்டு, சுவீடன் நாட்டுச் சிறு குழுவினர் ஆக்கிய 'அம்னீசியா' என்னும் விளையாட்டு, ஆடுவோன் கையிற் படைக்கலமே தாராதொழிந்தது. அவனுக்குள்ளது ஒரு கைவிளக்கு. அதன் எண்ணெயோ குறைந்துகொண்டே வரும். இருளில் நிற்பின் அறிவு கலங்கும். விளக்கேற்றின் எண்ணெய் தீரும்.

பெருநிறுவனங்களின் பொருளுதவியின்றிச் சிலர் தாமே கூடி ஆக்கும் விளையாட்டுக்களை 'இண்டி' என்பர். அவ்வகையுட் சிறந்ததாக யாம் கருதுவது, போலந்து நாட்டு இளைஞர் மூவர் ஆக்கி 2017ஆம் ஆண்டு வெளியிட்ட 'டார்க்வுட்' ஆகும். பகலிற் காட்டினுட் புகுந்து மரப்பலகையும் எரிநெய்யும் தேடவேண்டும். பொழுது சாயுமுன் குடிசைக்கு மீண்டு, பலகணிகளை அடைத்து, விடியுங்காறும் காத்திருத்தல் வேண்டும். நிலப்படம் ஒன்று உண்டு; ஆயின் ஆடுவோன் நிற்குமிடத்தை அது காட்டாது. பட்ட மரத்தையும் பாழ்வீட்டையும் அடையாளமாகக் கொண்டு அவனே வழியறிதல் வேண்டும். அறியாத காட்டிடத்தே நம் முன்னோர் நடந்த நடையும் இத்தகையதன்றோ? விலைகொடுக்க இயலாதார்க்கென அவ்விளைஞர் தம் ஆக்கத்தைத் தாமே இணையத்தில் இலவசமாக வழங்கினர் என்பதும் ஈண்டு நினைவுகூரத் தக்கது.

இனி, தமிழ் மரபினை நோக்குவாம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை முதலாக உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடு கூறி, அவற்றுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்தார். அவ்வியலின் முதற்சொல் 'பண்ணை' என்பதாம். அதற்கு விளையாட்டு ஆயம் என்பது உரை. ஆகவே சுவைகளைப் பற்றிய நம் இலக்கணம் விளையாட்டுக் களத்திலேயே தொடங்குகின்றது. அச்சம் பிறக்கும் நிலைக்களன் நான்கு என்றும் ஆசிரியர் வரையறுத்தார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. கண்ணுக்குப் புலனாகா வருத்தும் ஆற்றல், கொல்லும் விலங்கு, வழிப்பறிக்கும் மனிதர், தண்டிக்கும் அதிகாரம் என இந்நான்கினையும் விரித்துக் காண்க. உலகெங்கும் வெளிவந்துள்ள அச்ச விளையாட்டுக்களை இந்நான்கு கூட்டிலும் நிரப்பிப் பார்ப்பின், எஞ்சி நிற்பன மிகச் சிலவே என்பது எம் துணிபு.

இவ்வரையறை நமக்கு ஓர் உரைகல்லும் ஆகின்றது. திடுமெனத் திரையில் ஓர் உரு பாய்ந்து அலறுதலைக் கண்டு துள்ளுதல் அச்சமன்று. அது புதுமை பற்றிப் பிறந்த மருட்கையின் இழிந்த வகை. குருதியும் குடரும் சிதறக் காட்டுதலும் அச்சமன்று, அது அருவருப்பேயாம். மெய்யான அச்சமாவது, கதவின் அப்பால் யாது உளதென அறியாது தாழின்மேற் கைவைத்து நிற்பது. மலிந்த விளையாட்டுக்கள் முன்னிரண்டினையும் அச்சமென விற்கின்றன. நல்லனவோ மூன்றாவதனை நாடுகின்றன. எதனை ஆடுதல் தகும், எதனைத் தள்ளுதல் தகும் என்பதற்கு மாணவர் இவ்வளவைக் கொள்வாராக.

பிறநாட்டார் தம் நிலத்தின் அச்சத்தைத் தாமே ஆண்டுள்ளனர். இந்தோனேசியாவின் பண்டுங் நகரத்தார் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட 'டிரெட்அவுட்' அந்நாட்டுச் சிற்றூர்களில் வழங்கும் பேய்களையே களத்தில் இறக்கிற்று. தைவானியர் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட 'டிடென்ஷன்' அதனினும் சிறந்தது. 1960களில் அந்நாட்டில் இராணுவ ஆட்சி நிலவிய காலத்தே, விலக்கப்பட்ட நூல்களைப் பயின்ற ஒரு பள்ளிப் படிப்புக் குழுவின் கதை அது. ஆவிகள் வருங்கால் மாணவி மூச்சையடக்கி நிற்கவேண்டும். அவற்றைத் திசைதிருப்பச் சோற்றுக்கிண்ணம் படைத்தல் வேண்டும். ஆடி முடித்தார் உளத்தில் எஞ்சுவது ஆவி பற்றிய அச்சமன்று. உடன்பயின்றாரைக் காட்டிக்கொடுக்கச் செய்த ஆட்சி பற்றிய அச்சம். அணங்கிற் றொடங்கி இறையில் முடிந்தது அவ்விளையாட்டு. தைவானியர் தொல்காப்பியம் பயின்றாரல்லர். உண்மை எங்கும் ஒன்றாதலின் அவ்விடத்தை அவர் அடைந்தனர்.

நம்மிடத்தே பொருளில்லையோ? சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையில் மாமுது மறையோன் மதுரைக்குச் செல்லும் மூன்று நெறிகளையும் வகுத்துரைக்கின்றான். இடப்புற நெறியிற் பிலமும் அதனுட் பொய்கைகளும் உள. இடைநெறியிற் சென்ற கோவலன்முன் கானுறை தெய்வம் வசந்தமாலை வடிவிற் றோன்றி மயக்குகின்றது. நெறி தேர்தல், நீர் தேடல், பொய்யுருவை அறிதல் என ஒரு முழு விளையாட்டின் அமைப்பும் ஆண்டே கிடக்கின்றது. கலிங்கத்துப்பரணியோ காட்டிற்கும் பேய்களுக்கும் தனித்தனிப் பகுதிகள் வகுத்துளது. காரைக்காலம்மையார் பாடல்களிற் சுடுகாட்டின் காட்சி கண்முன் நிற்கும். தமிழ்வாழ்வு விளையாட்டிற்கு இசையாது என்பாரும் இனி வாய் திறத்தற்கில்லை. கனடாவிற் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் அடுக்களையைப் பொருளாகக் கொண்டு, டொராண்டோ நகரத்து விசை கேம்ஸ் குழுவினர் 2023ஆம் ஆண்டு ஆக்கிய 'வெண்பா' 2024ஆம் ஆண்டு பாஃப்டா பரிசு பெற்றது. இட்டலி அவித்தலே உலகோர் விரும்பும் ஆடலாகுமெனின், நம் காட்டுவழி ஆகாதோ?

இதனை இன்று கூறுதற்கு ஒரு காரணம் உண்டு. எம்மூராகிய வேங்கிக்கால் திருவண்ணாமலைக்கு அணித்தாய் வேலூர்ச் சாலையில் உள்ளது. 1989ஆம் ஆண்டு தனி மாவட்டம் அமைந்தது. ஆட்சியர் அலுவலகமும் எம்மூரிலே அமைந்தது. வயலிருந்த இடங்களில் மனைகளும் கடைகளும் பெருகின. நிறைமதி நாள்தோறும் பதினான்கு கிலோமீட்டர் மலைவலப் பாதை முழுதும் விளக்கொளியும் மக்கட் பெருக்குமாய் விளங்குகின்றது. இவை வேண்டாமென்பார் யாவர்? ஆயின் இருள் அகன்றவிடத்து அதன் கதைகளும் அகலுகின்றன. ஏரிக்கரையில் எம்மரத்தடியை உச்சிப்பொழுதிற் கடத்தலாகாது, எக்கிணற்றை எட்டிப் பார்த்தலாகாது என்பனவெல்லாம் எழுபது கடந்த முதியோர் நாவிலேயே உள. அக்கதைகள் வெறும் மூடநம்பிக்கையல்ல. எவ்விடத்து ஆழம் மிகுதி, எவ்விடத்துப் பாம்பு மிகுதி என்பதனைப் பேயின் பெயரால் எழுதிவைத்த நிலப்படம் அவை. அம்முதியோர் மறையின் அப்படமும் மறையும்.

இத்தகைய ஆக்கத்திற்கு ஒரு களனும் சுட்டுவோம். எம்மூர்க்குக் கிழக்கே ஒரு மணிநேரப் பயணத்திற் செஞ்சிக் கோட்டை உளது. 2025ஆம் ஆண்டு யுனெஸ்கோ மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. 1690 முதல் 1698 வரை மொகலாயர் படை அதனை முற்றுகையிட்டது. அம்முற்றுகையினுள் நெற்களஞ்சியத்து ஏவற்சிறுவன் ஒருவனை நாயகனாக்கிப் பார்க்க. எண்ணெய் குறைந்த அகலொன்று கையில். சுனைநீர் தேடி இரவிற் பாறையேறல் வேண்டும். புதரில் விலங்கு, மதிற்புறத்துக் கொள்ளையர், உள்ளே ஐயுறும் தலைவர், பாழறையிற் பெயரறியாத ஓர் ஓசை: நான்கு நிலைக்களனும் ஒருங்கே அமைந்தன. பேசும் மொழி வடார்க்காட்டு மக்கள் மொழியாக அமையுமாயின், அவ்வழக்கும் உலகறியும்.

இதற்குத் தடை கூறுவார் உளர். பேயாட்டம் கிறித்தவ மாணவர்க்கு அடுக்குமோ என்பர் சிலர். அஞ்ச வேண்டாவெனத் திருமறை பலகால் நமக்குக் கூறுகின்றது. அச்சம் இன்னதென அறியாதானுக்கு அவ்வாறுதல் எவ்வாறு விளங்கும்? மெய்யான துயர் சூழ்ந்திருப்பப் பொய்யச்சம் எற்றுக்கு என்பது மற்றொரு தடை. இதனை எளிதிற் றள்ளுதல் ஆகாது. 2024ஆம் ஆண்டு திசம்பர் முதல் நாள், ஃபெஞ்சல் புயல்மழையில் அண்ணாமலையின் அடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து எழுவர் மாண்டனர். அவருட் சிறாரும் உளர். அத்துயரை எவரேனும் திரையிற் காட்டிக் களிப்பாராயின் யாமே முதற்கண் எதிர்ப்போம். ஆயின் நல்ல அச்சக்கலை பிறர் துயரைக் கண்டு களிப்பதன்று. இருளில் நிற்பார் நிலையில் நம்மை நிறுத்துவது. ஒரு நாழிகை திரைமுன் நடுங்கியவன், இரவெல்லாம் மலையை நோக்கி நடுங்கியவரை இகழான். பொழுது வீணாகும் என்பார்க்கு யாம் கூறுவது ஒன்றே: தேர்வு நெருங்குங்கால் கலித்தொகையும் அளவின்றிப் படித்தல் ஆகாது, அளவு வேண்டுவது எல்லாவற்றிற்கும் பொது. இளஞ்சிறார் கையில் இவற்றைக் கொடுத்தலோ ஒருபோதும் தகாது.

எனவே, கணினி பயிலும் தோழர்க்கும் தமிழ் பயிலும் தோழர்க்கும் எம் வேண்டுகோள் இது. வரும் விடுமுறையில் அவரவர் ஊர்ப் பெரியோரை அணுகி, இருட்டைப் பற்றி அவர் அறிந்ததை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்க. இடத்தின் பெயரையும் மரத்தின் பெயரையும் அவர் சொன்னபடியே எழுதுக. மூவர் கூடிப் போலந்துக் காட்டை உலகிற்குக் காட்டினர். ஒரு விடுதி அறையில் மூவர்க்குக் குறைவிலர் நாம்.