முகவரி இல்லாதவனுக்கு யார் ஜாமீன்?



பேரவை மலருக்குக் கட்டுரை கேட்டபோது ‘இளைஞர் சக்தி’ பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பத்து வரி எழுதியதும் எனக்கே போரடித்துவிட்டது. சக்தி சக்தி என்று சொல்கிறோமே, அதை வைத்து என்ன செய்யப் போகிறோம் என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அதனால் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, என் வீட்டுக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் அப்பா கொத்தனார். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். நான் அஞ்சாம் வகுப்பு படிக்கும்போது அப்பா சென்னைக்கு வேலைக்குப் போயிருந்தார். ஒரு சைட் முடிந்து அடுத்த சைட் ஆரம்பிக்க ஒரு வாரம் இடைவெளி. வாடகைக்கு அறை எடுக்கக் காசு ஏது? பஸ் ஸ்டாண்ட் பிளாட்பாரத்தில் சாமான் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார். அன்றைக்கு ராத்திரி பக்கத்தில் ஒரு கடையின் பூட்டை யாரோ உடைத்துவிட்டார்கள். விடிவதற்குள் பிளாட்பாரத்தில் படுத்திருந்த நாலு பேரை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அப்பா பையைத் திறந்து பார்த்தால் கரண்டி, ரசமட்டம், தூக்குக்குண்டு, சுத்தியல், உளி. நமக்கு அது தொழில் சாமான். அவர்களுக்கு அது பூட்டு உடைக்கிற சாமான்!

பன்னிரண்டாம் நாளே ஜாமீன் கிடைத்துவிட்டது. ஆனால் அப்பா வெளியே வந்தது நாற்பத்தேழாம் நாள். ஏன்? ரெண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போடணும், அவர்கள் பேரில் வீட்டு வரி ரசீது இருக்கணும். எங்கள் வீடோ புறம்போக்கில் இருக்கிற குடிசை. பட்டாவும் கிடையாது, ரசீதும் கிடையாது. கடைசியில் பழைய மேஸ்திரி ஒருவர் தன் மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டார். அப்புறம் மூன்று வருஷம் வாய்தா வாய்தா என்று அலைந்து, வழக்கில் விடுதலை. அம்மா வட்டிக்கு வாங்கிய எட்டாயிரத்தை அடைக்க இன்னும் ரெண்டு வருஷம் ஆனது. அந்தச் சாமான் பை மட்டும் திரும்பி வரவே இல்லை.

நண்பர்களே, இதை அனுதாபத்துக்காக எழுதவில்லை. தெருவில் படுப்பதும், செய்யாத குற்றத்துக்கு உள்ளே போவதும் ரெண்டு தனித்தனிப் பிரச்சினை என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை என்பதே என் கருத்து. வீடு இல்லாதவனைத்தான் முதலில் பிடிக்கிறார்கள், கடைசியில் விடுகிறார்கள். உள்ளே போய் வந்தவனுக்கோ இருந்த குடிசையும் போய்விடுகிறது.

என் அப்பாவுக்கு நேர்ந்தது புதிதும் அல்ல. 1978-ல் மோதிராம் வழக்கு என்று ஒன்று உச்ச நீதிமன்றத்தில் நடந்தது. மோதிராமும் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஓர் ஏழைக் கொத்தனார்தான். ஜாமீனில் விடச் சொல்லி உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. கீழே இருந்த மாஜிஸ்திரேட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஆள் ஜாமீன் கேட்டார். அண்ணன் தம்பி ஜாமீன் நிற்க வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார். மறுபடி உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், ஏழைக்கு எட்டாத ஜாமீன் ஜாமீனே அல்ல என்ற கருத்தில் தீர்ப்பு எழுதி, ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பத்திரத்தில் விடச் சொன்னார். சட்டம் அன்றைக்கே சொல்லிவிட்டது. பிளாட்பாரத்துக்குத்தான் அது இன்னும் வந்து சேரவில்லை!

இதைவிடக் கொடுமை ஒன்று. மகாராஷ்டிர மாநிலத்தில் 2003-ல் நடந்த ஒரு கொலை வழக்கு. ஊர் ஊராகப் போகும் நாடோடிப் பழங்குடியைச் சேர்ந்த ஆறு பேரைப் பிடித்தார்கள். 2009-ல் உச்ச நீதிமன்றமே ஆறு பேருக்கும் தூக்கு என்றது. அதே உச்ச நீதிமன்றம் 2019 மார்ச்சில் ஆறு பேரும் குற்றவாளிகள் அல்ல என்று விடுதலை செய்தது. நேரில் பார்த்த சாட்சி ஆரம்பத்தில் வேறு நாலு பேரின் போட்டோவை அடையாளம் காட்டியிருக்கிறார். அந்த நாலு பேரை யாரும் விசாரிக்கவே இல்லை! 16 வருஷச் சிறைக்கு ஆளுக்கு 5 லட்சம் நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னார்கள். தூக்குக் கயிற்றின் கீழே கழிந்த வாலிபத்துக்கு அதுதான் விலையா?

“சரிப்பா, இதில் நாம என்ன பண்ண முடியும்? நாம டிப்ளமா பசங்க” என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. செய்தவர்களைச் சொல்கிறேன்.

1993-ல் சென்னையில் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்று இரண்டு தோழிகள். இருபதுகளின் ஆரம்பத்தில் இருந்த சின்னப் பெண்கள். மனநிலை பாதித்துத் தெருவில் கிடந்த ஒரு பெண்ணை எங்கே கொண்டு போய்ச் சேர்ப்பது என்று அலைந்தார்கள். சேர்த்துக்கொள்ள இடம் இல்லை. இடம் இல்லையென்றால் நாமே ஏற்படுத்துவோம் என்று ஆரம்பித்ததுதான் ‘பேன்யன்’ அமைப்பு. அந்த ரெண்டு பேரும் கோடீஸ்வரர்கள் ஆன பிறகா ஆரம்பித்தார்கள்?

அமெரிக்காவில் 1992-ல் பேரி ஷெக், பீட்டர் நியூஃபெல்ட் என்ற இரு வக்கீல்கள், நியூயார்க் சட்டக் கல்லூரி ஒன்றில் ‘இன்னசன்ஸ் புராஜெக்ட்’ தொடங்கினார்கள். பழைய வழக்குக் கட்டுகளைப் பிரித்துப் படிப்பதில் மாணவர்களுக்கும் பங்கு. டி.என்.ஏ. பரிசோதனை முதலான வழிகளால் இன்றைக்கு 200-க்கும் மேற்பட்டவர்களை வெளியே கொண்டுவந்திருக்கிறது அந்த அமைப்பு.

நம் நாட்டிலும் டெல்லியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் ‘புராஜெக்ட் 39ஏ’ என்று ஒரு குழு இருந்தது. ராஜஸ்தானைச் சேர்ந்த ஒரு தூக்குத் தண்டனைக் கைதி, குற்றம் நடந்த 1994-ல் பன்னிரண்டரை வயதுச் சிறுவன் என்பதை 2023-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அவருக்காக நின்றது இந்தக் குழுதான். 28 வருஷத்துக்குப் பிறகு அவரை வெளியே கொண்டுவந்தது எது தெரியுமா? ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் சேர்க்கைப் பதிவேடு! அதை யாராவது போய்த் தேடி எடுக்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான். தேடுவதற்கு பி.எல். பட்டம் வேண்டுமா, இல்லை கால் வேண்டுமா?

“குற்றவாளிக்கு வக்காலத்தா?” என்று என் அறை நண்பனே கேட்டான். நியாயமான கேள்விதான். திருட்டுக் கொடுத்த கடைக்காரருக்கும் நீதி வேண்டும். ஆனால் தப்பான ஆளை உள்ளே வைத்தால் உண்மையான திருடன் வெளியே இருக்கிறான் என்றுதானே அர்த்தம்? அந்தக் கடைக்காரருக்கும் அதில் என்ன லாபம்? நாம் யாரையும் நல்லவர் என்று சர்டிபிகேட் கொடுக்கப் போவதில்லை. சட்டம் கொடுத்த ஜாமீன் அவன் கைக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்கப் போகிறோம்.

என் யோசனை இதுதான். நம் பேரவையின் சார்பில் ஒரு சின்ன அறக்குழு தொடங்குவோம். முதல் வருஷம் போர்டும் வேண்டாம், பேனரும் வேண்டாம்.

முதல் வேலை, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய் வெளியில் படுப்பவர்களிடம் பேசுவது. பிரியாணிப் பொட்டலம் கொடுத்து செல்போனில் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைப்பதற்கு அல்ல. ஊர் எது, ஆதார் இருக்கா, ரேஷன் கார்டு இருக்கா என்று கேட்டு, மனு எழுதிக் கொடுத்து, ஆபீசுக்குக் கூடவே போவதற்கு. நகரங்களில் லட்சம் பேருக்கு ஒன்று வீதம் வீடற்றோர் தங்குமிடம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே உத்தரவிட்டிருக்கிறது. நம் ஊரில் அது எங்கே இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ரெண்டாவது வேலை, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய், சட்டத் தன்னார்வலர் பயிற்சி கேட்பது. காவலில் இருக்கிற யாருக்கும், காசு இல்லாமலே வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டும் என்பது 1987-ஆம் வருஷத்துச் சட்டம். 15100 என்ற நம்பருக்குப் போன் போட்டாலே போதும். என் அம்மாவுக்கு அது தெரியாது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே வராவிட்டால், சிறை அதிகாரி சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள ஒருவரின் வீட்டைத் தேடிப் போய்த் தகவல் சொல்ல ஒரு சைக்கிள் போதாதா?

பணம்? நாம் 900 பேர். மாசம் ஆளுக்கு அஞ்சு ரூபாய் போட்டால் 4,500 ரூபாய். ஒரு டீக் காசுகூட இல்லை. வரவு செலவை மாசாமாசம் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட வேண்டும். இதில் மட்டும் சமரசமே கூடாது. ஒரு வருஷம் தாக்குப்பிடித்தால், 18 வயது நிரம்பிய ஏழு பேர் சேர்ந்து 1975-ஆம் வருஷத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் முறையாகப் பதிவு செய்துகொள்ளலாம். தாக்குப்பிடிக்காவிட்டால்? நாலு பேருக்கு ரேஷன் கார்டு வாங்கிக் கொடுத்த புண்ணியமாவது மிஞ்சும்.

சிவில் படிக்கிற நாம் நாளைக்கு எத்தனையோ பேருக்கு வீட்டு பிளான் போடப் போகிறோம். அந்த வீடுகளைக் கட்டப் போகிறவர்கள் ராத்திரி எங்கே படுக்கிறார்கள் என்பது நம் டிராயிங் ஷீட்டில் எந்த ஸ்கேலிலும் வருவதில்லை.

இந்தக் கட்டுரையை எழுதும் முன் அப்பாவிடம் கேட்டேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “எழுதுடா... ஆனா பேரு போடாத. ஊர்ல உங்க அம்மா தலை நிமிர்ந்து நடக்கணும்” என்றார். கோர்ட்டே விடுதலை என்று சொன்ன பிறகும் என் அப்பா பேரை மறைக்க வேண்டியிருக்கிறது பாருங்கள், அதுதான் மிச்சம் இருக்கிற தண்டனை. அதனால் என் பேரையும் கீழே போடவில்லை. அறக்குழுவில் சேர விரும்புகிறவர்கள் பேரவைச் செயலாளரிடம் உங்கள் பேரைக் கொடுங்கள். முதல் பேராக என் பேர் அங்கே இருக்கும்.

பேசியது போதும் தோழர்களே! வருகிற ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் சந்திப்போம்.

— இரண்டாம் ஆண்டு மாணவன்,
அமைப்பியல் துறை.